பெயர் பொறிக்காத நட்சத்திரம்

1/
கொஞ்சம் நீளமான த்ரெட். சர்க்கரை, பிரஷர், டெங்கு எதுவும் இல்லை. இன்னைக்கு வரலாறு. ஆனா ஆரம்பம் என் வார்டில்தான். டீ எடுத்துட்டு வந்து உட்காருங்க.

2/
தாம்பரம் பக்கம் ஒரு அரசு மருத்துவமனையில் வேலை. சில மாசம் முன்னாடி 84 வயசுப் பாட்டி ஒருத்தர் அட்மிஷன். இதயம் பலவீனம், காலெல்லாம் நீர். அடையாளம் தெரியாமல் இருக்க சில விவரங்களை மாற்றியிருக்கேன்.

கேஸ் ஷீட் எழுதும்போது வழக்கமான கேள்வி: "அப்பா அம்மாவுக்கு இதய நோய் இருந்துச்சா பாட்டி? அப்பா எந்த வயசில், எதனால் இறந்தார்?"

பாட்டி சொன்ன பதில்: "எங்கப்பா செத்தாரான்னே தெரியாது தம்பி. கப்பல்ல பீரங்கி சுடுறவரு. போனவரு வரல."

3/
1943-ல் கடைசியாக வீட்டுக்கு வந்தாராம். அப்போது பாட்டிக்கு ரெண்டு வயசு. பிறகு ஒரு தந்தி. "மிஸ்ஸிங்" என்று. ஊரில் இங்கிலீஷ் படிக்கத் தெரிந்த ஒருவர் அதைப் படித்து "காணோமாம்" என்று சொல்லியிருக்கார்.

கொஞ்ச நாளில் மாதாமாதம் மணியார்டர் வர ஆரம்பித்தது. வீட்டில் அதற்குப் பேர் "கப்பல் பணம்". அது விதவைக்கான பென்ஷன். ஆனா பாட்டியின் அம்மா அதை அப்படி எடுத்துக்கவே இல்லை. "பணம் அனுப்புறவன் உசுரோடதான் இருக்கான்" என்று கடைசி வரைக்கும் தாலியைக் கழற்றவில்லை. பொட்டையும் அழிக்கவில்லை.

4/
இந்தக் கதையைக் கேட்டதும் எனக்கு ஒரு சந்தேகம். கப்பற்படை வீரர் என்றால் போர்க்கப்பலில்தானே போயிருப்பார்? பாட்டி "இல்ல, சரக்குக் கப்பல்" என்று அடித்துச் சொன்னாங்க. மறதியில் குழப்பிக்கிறாங்க என்று நினைச்சேன்.

தப்பு என்னுடையது. பாட்டி சொன்னது சரி. சரக்குக் கப்பலில் கடற்படை பீரங்கி வீரர் என்பது ரெண்டாம் உலகப்போரில் பெரிய ஏற்பாடு. நம்ம பாடப்புத்தகத்தில் அது இல்லை, அவ்வளவுதான்.

5/
விஷயம் இதுதான். போரில் துப்பாக்கி, அரிசி, எண்ணெய், நிலக்கரி, ஆட்கள் எல்லாமே சரக்குக் கப்பலில்தான் போகணும். எதிரியின் நீர்மூழ்கிக்கு அதுதான் சுலபமான இரை. ஒவ்வொரு சரக்குக் கப்பலுக்கும் காவலாக ஒரு போர்க்கப்பலை அனுப்ப எந்த நாட்டிடமும் அத்தனை கப்பல் கிடையாது.

அதனால் சரக்குக் கப்பலின் பின்பக்கத்தில் ஒரு பீரங்கியைப் பொருத்தி, அதை இயக்க நாலைந்து பேரை ஏற்றி விட்டாங்க. பல கப்பல்களில் இருந்தது முதல் உலகப்போர் காலத்துப் பழைய 4 அங்குல பீரங்கி. சில இடங்களில் பீரங்கிக்கு அதை இயக்கினவரை விட வயசு ஜாஸ்தி.

6/
ஏன் பின்பக்கம்? துரத்துகிறவனை ஓடிக்கொண்டே சுடுவதற்கு. முன்பக்கம் பீரங்கி இருந்தால் அது தாக்கும் கப்பல், பின்பக்கம் இருந்தால் தற்காக்கும் கப்பல். சர்வதேசச் சட்டத்தில் அப்படி ஒரு கணக்கு இருந்தது.

பிரிட்டிஷ் கடற்படை இந்த வேலைக்கு ஏறக்குறைய 24,000 பேரை ஒதுக்கியது. தரைப்படையின் பீரங்கிப் பிரிவிலிருந்து இன்னும் 14,000 பேர். அமெரிக்கா தன் கடற்படையில் இதற்கென்றே தனிப் பிரிவு வைத்தது. நம்ம ராயல் இந்தியன் நேவியும் சரக்குக் கப்பல்களுக்கு ஆட்களைப் பயிற்சி கொடுத்து அனுப்பியது. 1939-ல் 2,000 பேர் கூட இல்லாத அந்தப் படை, போர் முடியும்போது 25,000-ஐத் தாண்டியிருந்தது. பஞ்சாபிலும் கொங்கணத்திலும் மட்டும் ஆள் எடுத்து வந்தவர்கள் மெட்ராஸ் மாகாணத்துக்கும் வந்தாங்க.

7/
இங்கே ஒரு சிக்கல். இந்தப் போரில் நடுநிலை நாடுகள் உண்டு. அவங்க துறைமுகத்துக்குள் ஆயுதப்படை வீரன் வந்தால் பிரச்சினை. அதனால் பிரிட்டிஷ் ஏற்பாட்டில் பீரங்கி வீரர்கள் கப்பலின் ஆள் பட்டியலில் "டெக் வேலையாள்" என்று கையெழுத்துப் போடுவாங்க. அதற்குத் தினம் ஆறு பென்ஸ் தனியாக.

அதாவது கடற்படைக்கு அவர் கடனாகக் கொடுத்த ஆள். கப்பல் கம்பெனிக்கு அவர் இரவல் வாங்கிய ஆள். ரெண்டு பக்கமும் நம்ம ஆள் என்று முழுசாகச் சொல்லவில்லை. மறந்து போவதற்கு இது ரொம்ப வசதியான இடம்.

8/
"இதெல்லாம் எங்கேயோ அட்லாண்டிக்கில் நடந்தது, நமக்கென்ன?" என்று கேட்கலாம்.

எம்டன் நம்ம எல்லாருக்கும் தெரியும். 1914 செப்டம்பர் 22 ராத்திரி மெட்ராஸ் துறைமுகத்தில் எண்ணெய்த் தொட்டிகள் மேல் குண்டு போட்ட ஜெர்மன் கப்பல். இன்னைக்கும் பலே ஆளைப் பார்த்தால் "சரியான எம்டன்" என்று சொல்றோம்.

1942 ஜனவரி கடைசி வாரம் உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

9/
ஐ-164 என்ற ஜப்பானிய நீர்மூழ்கி நம்ம கரைக்குக் கிழக்கே வந்து நின்றது.

ஜனவரி 29: ஃப்ளோரன்ஸ் லக்கன்பாக் என்ற அமெரிக்க சரக்குக் கப்பல். மூழ்கியது, ஆட்கள் தப்பிச்சாங்க.
ஜனவரி 30: ஜலதரங். 49 பேரில் 38 பேர் இறந்தாங்க.
ஜனவரி 31: ஜலபாலகா. 13 பேர் இறந்தாங்க.

மூணு நாளில் மூணு கப்பல்.

10/
மேப்பில் பாருங்க. இந்த மூணும் மூழ்கிய இடம் ஏறத்தாழ 13 டிகிரி வடக்கு. நம்ம மீனம்பாக்கம் ஏர்போர்ட்டும் அதே 13 டிகிரிதான். ஏர்போர்ட்டிலிருந்து கிழக்கே நேர்கோடு போட்டு கடலுக்குள் போனால் அந்த இடத்துக்குப் பக்கத்தில் போய்விடலாம்.

ஜலதரங், ஜலபாலகா ரெண்டும் சிந்தியா கம்பெனி கப்பல்கள். வால்சந்த் ஹீராசந்தும் நரோத்தம் மொரார்ஜியும் மற்றவர்களும் 1919-ல் தொடங்கிய சுதேசிக் கம்பெனி. அவங்க முதல் கப்பல் லாயல்ட்டி 1919 ஏப்ரல் 5 அன்று பம்பாயில் இருந்து லண்டனுக்குக் கிளம்பிய நாளைத்தான் இன்னைக்கும் தேசிய கடல்சார் தினமாகக் கொண்டாடறோம். அந்தக் கம்பெனியின் ஆட்கள் நம்ம வாசலில் செத்தது நமக்கு நினைவில்லை.

11/
பின்பக்கத்தில் ஒரே ஒரு பீரங்கி, அதனால் என்ன சாதிக்க முடியும் என்று தோணும். ஒரு உதாரணம்.

1942 நவம்பர் 11, இந்தியப் பெருங்கடல். ஒண்டினா என்ற டச்சு எண்ணெய்க் கப்பல். அதில் ஒரு 4 அங்குல பீரங்கி, 32 குண்டு. கூடவே துணைக்கு எச்எம்ஐஎஸ் பெங்கால் என்ற நம்ம ராயல் இந்தியன் நேவியின் சின்னக் கப்பல். எதிரே தலா 10,000 டன்னில் ரெண்டு ஜப்பானியக் கப்பல்கள், ஹோகோகு மாரு, ஐகோகு மாரு.

பெங்கால் திரும்பி ஓடவில்லை, நேராக எதிரியை நோக்கிப் போனது. சண்டையில் ஹோகோகு மாரு வெடித்து மூழ்கியது. ஒண்டினாவின் கேப்டன் ஹார்ஸ்மன் உட்பட சிலர் இறந்தாங்க. ஆனா ரெண்டு கப்பலும் கரை சேர்ந்தன.

12/
இது ஜெயித்த கதை. தோற்ற கதை ஒன்றும் சொல்லணும். மனசு பலவீனமானவங்க 14-க்குத் தாண்டிப் போயிடலாம்.

1944 ஜூலை 2. ஜான் நிக்கோலே என்ற அமெரிக்க சரக்குக் கப்பல், ஆஸ்திரேலியாவிலிருந்து கொழும்பு வழியாகக் கல்கத்தா போகும் வழி. சுமார் 100 பேர். அதில் 28 பேர் கடற்படை பீரங்கி வீரர்கள். இலங்கைக்குத் தெற்கே ஐ-8 என்ற நீர்மூழ்கியின் டார்பிடோ தாக்கியது. எல்லாரும் உயிரோடு படகில் இறங்கிட்டாங்க.

13/
நீர்மூழ்கி மேலே வந்தது. படகில் இருந்தவர்களைத் தன் மேல்தளத்தில் ஏற்றி, கைகளைக் கட்டி, ஒவ்வொருவராக அடித்தும் வெட்டியும் கொன்றாங்க. விமானம் வருவது தெரிந்ததும், கை கட்டிய நிலையில் மேலே உட்கார்ந்திருந்தவர்களோடு அப்படியே தண்ணிக்குள் மூழ்கியது.

கட்டை அவிழ்த்து நீந்தியவர்கள் பிழைச்சாங்க. மொத்தம் 23 பேர். ஜூலை 4 அன்று அவர்களைத் தண்ணியிலிருந்து தூக்கியது எச்எம்ஐஎஸ் ஹோக்ஸா. ராயல் இந்தியன் நேவியின் ஒரு சின்னக் கப்பல். நம்ம ஆட்களின் கைகள்தான் அவங்களைத் தூக்கின.

14/
அந்தக் கப்பலில் பயணம் செய்த பிரான்சிஸ் ஓ'காரா என்பவரையும் இறந்தவர் கணக்கில் சேர்த்தாங்க. அவர் ஞாபகமாக 1945-ல் ஒரு புதுக் கப்பலுக்கு அவர் பெயரையே வச்சாங்க. போர் முடிந்து ஜப்பானில் ஒரு கைதி முகாமைத் திறந்தால், மனுஷன் உயிரோடு உட்கார்ந்திருக்கார்!

இதைப் படிச்சதும் எனக்குப் பாட்டியின் அம்மா ஞாபகம் வந்தது. "உசுரோடதான் இருக்கான்" என்று தாலியைக் கழற்றாதது பைத்தியக்காரத்தனம் இல்லை. உலகத்தில் எங்கேயோ ஒரு வீட்டில் அப்படி நடந்தும் இருக்கு.

15/
இனி டாக்டராக ஒரு விஷயம். கப்பல் மூழ்கிய பிறகு படகில் என்ன நடக்கும்?

போருக்குப் பிறகு மெக்கன்ஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவ விஞ்ஞானியின் குழு, உயிர்காப்புப் படகுப் பயணங்களின் பதிவுகளைச் சேர்த்து ஆராய்ந்து 1956-ல் அறிக்கை வெளியிட்டது. கடல் தண்ணீர் குடிக்காத படகுகளில் இறந்தவர் 100-க்கு 3 பேர். குடித்த படகுகளில் 100-க்கு 39 பேர்.

16/
ஏன்? கடல் தண்ணீரில் உப்பு சுமார் 3.5 சதவீதம். நம்ம சிறுநீரகத்தால் அந்த அளவுக்கு உப்பைச் செறிவாக்கி வெளியேற்ற முடியாது. ஒரு லிட்டர் குடித்தால் அந்த உப்பைக் கழுவ ஒரு லிட்டருக்கு மேல் நீர் போகணும். அந்தக் கூடுதல் தண்ணியை உடம்பு தன் செல்களிலிருந்தே எடுக்கும். மூளை செல்கள் சுருங்கும். குழப்பம், பிதற்றல். "கரை தெரியுது, நான் நடந்து போறேன்" என்று படகை விட்டு இறங்கிடுவாங்க.

குடித்தவனைக் குறை சொல்ல முடியாது. சுற்றிலும் தண்ணீர், நாக்கு தடித்து வாய்க்குள் அசையாது. அந்த நிலையில் "குடிக்காதே" என்று சொல்ல ஒரு ஆள் படகில் இருந்தாரா என்பதுதான் பல இடங்களில் உயிரைத் தீர்மானிச்சது.

17/
இப்போ நினைவுச் சின்னங்கள்.

பரங்கிமலை தாண்டி மவுண்ட்-பூந்தமல்லி ரோட்டில் நந்தம்பாக்கம் போகும்போது ஒரு பச்சைப் புல்வெளி, வரிசையாக வெள்ளைக் கற்கள் பார்த்திருப்பீங்க. மெட்ராஸ் வார் செமட்ரி. தென்னிந்தியா பூரா பல கல்லறைத் தோட்டங்களில் சிதறிக் கிடந்த ரெண்டாம் உலகப்போர் வீரர்களை 1952-ல் இங்கே கொண்டுவந்து சேர்த்தாங்க. 850-க்கும் மேற்பட்ட கல்லறைகள். நான் தினம் பஸ்ஸில் தாண்டிப் போன இடம். ஒரு நாளும் இறங்கினது இல்லை.

பாட்டி டிஸ்சார்ஜ் ஆன வாரம் இறங்கினேன்.

18/
ஒவ்வொரு கல்லிலும் பெயர், படை, தேதி, வயசு. 19, 21, 22. சத்தமே இல்லை, புல் வெட்டும் மெஷின் மட்டும்.

ஆனா கடலில் போனவருக்குக் கல் வைக்க முடியாது. உடம்பு இருந்தால்தானே கல்? அவங்களுக்கு ஒரு புத்தகம். ராயல் இந்தியன் நேவியைச் சேர்ந்த சுமார் 400 பேர், இந்திய வணிகக் கப்பல்களில் வேலை செய்த ஏறக்குறைய 6,000 பேர், கடலைத் தவிர வேறு கல்லறை இல்லாத இவங்க பெயர்கள் அந்தப் புத்தகத்தில். பிரதிகள் இருப்பது ரெண்டு ஊரில். ஒன்று மும்பை, இன்னொன்று சிட்டகாங். அதாவது ஒன்று இன்னைக்கு வேறு நாடு.

19/
இதோடு இன்னொன்றை வச்சுப் பாருங்க. திலாவா என்ற பயணிகள் கப்பல், 1942 நவம்பர் 20 பம்பாயில் கிளம்பி ஆப்பிரிக்கா போனது. 23-ஆம் தேதி ஐ-29 நீர்மூழ்கி ரெண்டு டார்பிடோ விட்டது. 280 பேர் இறந்தாங்க. அதன் வயிற்றில் தென்னாப்பிரிக்காவுக்குப் போன வெள்ளிக் கட்டிகள் 2,364.

2017-ல் ஒரு கம்பெனி அந்த வெள்ளியைக் கடலடியிலிருந்து எடுத்தது. யாருக்குச் சொந்தம் என்று வழக்கு லண்டனில் சுப்ரீம் கோர்ட் வரை போய் 2024-ல் தீர்ப்பு வந்தது. கட்டிகளின் எண்ணிக்கை ஒன்று கூடக் குறையாமல் எல்லாருக்கும் தெரியும். இறந்தவர்களுக்காகக் குடும்பங்கள் கூடி மும்பையில் முதல் நினைவுக் கூட்டம் நடத்தினது 2022-ல். எண்பது வருஷம் கழிச்சு.

20/
"பழைய கதை டாக்டர்" என்று சொல்லலாம். பழசு இல்லை.

உடம்பு கிடைக்காமல் நாங்க இறப்புச் சான்று எழுத முடியாது. ஏழு வருஷம் தகவல் இல்லை என்றால்தான் இறந்ததாகச் சட்டம் எடுத்துக்கும். 2017 ஒக்கி புயலில் கன்னியாகுமரி மீனவக் குடும்பங்கள் எத்தனை பேர் இந்த இடத்தில் மாட்டினாங்க! சான்று இல்லாமல் நிவாரணம் இல்லை, பேங்க் கணக்கு இல்லை, லோனுக்கு வட்டி மட்டும் ஓடும். ஏழு வருஷம் காத்திருக்காமல் உதவி கொடுக்க அரசு தனியாக முடிவெடுக்க வேண்டியிருந்தது.

பணம் வந்தது. அழலாமா, காத்திருக்கலாமா என்ற கேள்விக்கு எந்த ஆணையும் பதில் சொல்லவில்லை.

21/
பாட்டி கதைக்கு வர்றேன். டிஸ்சார்ஜ் அன்றைக்கு அவங்க மகள் ஒரு பவுடர் டப்பாவைக் கொண்டுவந்தாங்க. உள்ளே துணியில் சுற்றி ஒரு பதக்கம். ஆறு முனை நட்சத்திரம், நடுவில் கிரீடம், சுற்றிலும் "1939-1945 ஸ்டார்" என்ற எழுத்து. ரிப்பன் எப்போதோ இத்துப் போச்சு.

"பின்னாடி அப்பா பேரு இருக்கும், படிச்சுச் சொல்லு தம்பி. எனக்குக் கண்ணு தெரியல" என்றாங்க பாட்டி.

திருப்பினேன். வழவழவென்று வெறும் உலோகம்.

22/
பிறகுதான் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன். முதல் உலகப்போர் பதக்கங்களில் ஓரத்தில் வீரரின் எண்ணும் பெயரும் பொறிச்சிருப்பாங்க. ரெண்டாம் போரில் பிரிட்டன் வழங்கிய இந்த நட்சத்திரங்கள் பலவற்றில் பெயர் பொறிக்கவில்லை. லட்சக்கணக்கில் அடித்தாங்க, பலதும் வெறும் முதுகு.

அந்த நேரத்தில் எனக்கு அது தெரியாது. பாட்டி முகத்தைப் பார்த்தேன். பொய் சொல்ல ஒரு நொடி வாய் வந்தது. சொல்லவில்லை. "பேர் போடல பாட்டி" என்றேன்.

கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "சரி, விடு. பேரு எனக்குத் தெரியுமே" என்றாங்க.

23/
போகும்போது ஒரு கேள்வி கேட்டாங்க: "தை அமாவாசைக்கு கோவளம் போய் எள்ளும் தண்ணியும் விடுவோம். அம்மா இருந்த வரைக்கும் விடக்கூடாதுன்னு சொல்லிடுச்சு. அது போனப்புறம்தான் நான் ஆரம்பிச்சேன். எந்தப் பக்கம் பார்த்து விடணும்னு யாரும் சொல்லல. நீ படிச்சவன், எந்தப் பக்கம்?"

எந்தக் கப்பல் என்று தெரியாது. வங்காள விரிகுடாவா, அரபிக் கடலா, அதற்கும் அப்பாலா, தெரியாது. MBBS-ல் இதற்கு ஒரு பாடமும் இல்லை.

"எல்லாக் கடலும் ஒரே தண்ணிதான் பாட்டி. எங்க நின்னு விட்டாலும் போய்ச் சேரும்" என்றேன். தலையை ஆட்டிக்கிட்டாங்க. மாத்திரைச் சீட்டை வாங்கி டப்பாவுக்குள்ளேயே வச்சு மூடினாங்க.

24/
உங்களிடம் ரெண்டு வேண்டுகோள்.

ஒன்று: உங்க வீட்டில் தாத்தா, கொள்ளுத்தாத்தா கப்பலில் வேலை பார்த்திருந்தால் பரண் மேல் இருக்கும் டிரங்குப் பெட்டியை ஒரு தடவை திறங்க. சிடிசி புத்தகம், பென்ஷன் தாள், தந்தி, மணியார்டர் துண்டு, எது இருந்தாலும் போட்டோ எடுத்து வையுங்க. முக்கியமாகச் சர்வீஸ் நம்பர். பெயரை இங்கிலீஷில் ஆளுக்கொரு ஸ்பெல்லிங்கில் எழுதியிருப்பாங்க, நம்பர் மாறாது. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் இலவசமாகத் தேடலாம்.

ரெண்டு: வீட்டில் வயசானவங்க இருந்தால் அந்தப் பெயரும் நம்பரும் யாருடையது, எந்தக் கப்பல் என்று இன்னைக்கே கேட்டு எழுதி வையுங்க. பாட்டியிடம் அந்த மணியார்டர் துண்டு ஒன்று இருந்திருந்தால் நான் கப்பலைத் தேடியிருப்பேன். வீடு மாறும்போது எடைக்குப் போட்டாச்சு.

25/
நந்தம்பாக்கம் பக்கம் போனால் பத்து நிமிஷம் இறங்கிப் பாருங்க. அனுமதி இலவசம். பூ பறிக்காதீங்க, கல் மேல் உட்காராதீங்க.

நாளைக்கு எனக்கு நைட் டூட்டி. கமெண்டில் உங்க வீட்டுக் கதை எழுதுங்க, காலையில் படிக்கிறேன். பாட்டி நல்லா இருக்காங்க. போன வாரம் ரிவ்யூவுக்கு வந்தாங்க, கால் வீக்கம் குறைஞ்சிருக்கு.